படை பயிலப் புறப்படும் பிள்ளை

வீட்டை விட்டுத் தூரப் பயணம் புறப்படும் பிள்ளை, நம்மவர் வழக்கில், "போகிறேன்" என்று சொல்லுவதில்லை. "போய்வருகிறேன்" என்றே சொல்லுவான். தாய் சுவாமி அறையில் விளக்கேற்றித் திருநீறு இடுவாள். தந்தை கைச்செலவுக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் படலை வரை கூடவருவார். உத்தியோகத்துக்கும் மேற்படிப்புக்கும் புறப்பட்ட பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நாம் இப்படித்தான் வழியனுப்பி வந்திருக்கிறோம். ஆயினும் படைப் பயிற்சிக்குப் புறப்படும் பிள்ளையை வழியனுப்பும்போது அந்த "வருகிறேன்" என்ற சொல்லுக்குத் தனியான ஒரு கனம் உண்டாகிவிடுகிறது.

புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தியார் ஒரு தாயைக் காட்டுகிறார். அடுத்தடுத்து நடந்த போர்களிலே உறவையும் கணவனையும் இழந்தவள் அவள். மீண்டும் போர்ப்பறை கேட்டதும், எஞ்சியிருந்த ஒரே மகனுக்குத் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையிலே வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். படிக்கும்தோறும் மெய்சிலிர்க்கும் பாட்டு. ஆனால் அந்தச் சிறுவனின் கை வேலைப் பிடிக்க எங்கே பழகியது, எவர் பழக்கினார் என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை. வள்ளுவரும் படைமாட்சி, படைச்செருக்கு என்று 2 அதிகாரங்கள் வகுத்துத் தேர்ந்த படையின் இயல்பைச் சொன்னார். வீட்டுப் பிள்ளை படைவீரனாக மாறும் அந்த முதற் சில மாதங்களின் கதையையே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். அக்கதையிலே நம் சமூகத்துக்குப் பெருமையும் உண்டு. ஆறாத புண்ணும் உண்டு.

வேலூர் தந்த பாடம்

1796 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கொழும்பைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்தபோது, கோட்டைக்குள் நுழைந்த படையிலே சென்னை இராசதானிச் சிப்பாய்களும் இருந்தனர். கிழக்கிந்தியக் கொம்பனியின் சம்பளத்துக்குத் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் சேர்ந்து கவாத்துப் பழகிய படை அது. 10 ஆண்டுகள் சென்றபின் அப்படையிலேயே பெருங் கலகம் ஒன்று மூண்டது.

சென்னைப் படையின் சேனாதிபதி சேர் ஜோன் கிரடொக் 1805 ஆம் ஆண்டின் இறுதியில் புதிய ஒழுங்குகளைக் கொண்டுவந்தார். கவாத்துக்கு வரும் சிப்பாய் நெற்றியிலே சமயக்குறி இடலாகாது. காதிலே கடுக்கன் அணியலாகாது. நாடியை மழிக்க வேண்டும். தோல் இணைத்த புதுவிதத் தலைப்பாகையைத் தரிக்க வேண்டும். எதிர்த்துப் பேசிய சிப்பாய்களுள் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 90 கசையடி கொடுத்துப் படையிலிருந்து நீக்கினர். இதன் முடிவு 1806 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் தேதி விடியற்காலையில் வேலூர்க் கோட்டையிலே தெரிந்தது. சிப்பாய்கள் எழுந்து வெள்ளைப் பட்டாளத்தைத் தாக்கினர். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றே கலகத்தை அடக்கிற்று. இரு பக்கத்திலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சேனாதிபதியும் சென்னைத் தேசாதிபதி பெண்டிங் பிரபுவும் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். ஒழுங்குகளும் கைவிடப்பட்டன. கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனை 1816 இற் கொண்டுபோய்ச் சிறைவைத்ததும் இதே வேலூரிலேதான்.

இதிலே இரண்டு பக்கத்தாரும் அறியவேண்டிய பாடம் உண்டு. பயிற்சி என்பது உடலை வளைப்பது. நடையையும் உடையையும் மாற்றுவது. அதற்கு இணங்காதவன் படையிற் சேரவே கூடாது. ஆனால் ஒருவனின் உள்ளத்து நம்பிக்கையை இழிவுசெய்து அவனை வீரனாக்கிவிடலாம் என்று நினைக்கும் அதிகாரியும் ஏமாந்தே போவான்.

தியத்தலாவை என்னும் ஊர்

இலங்கையிலே பிரித்தானியர் வைத்திருந்த பழைய "சிலோன் றைபிள்" பட்டாளத்திலே பெரும்பாலும் மலாயரே சேவித்தனர். அது 1873 இற் கலைக்கப்பட்டது. பின்னர், 1881 ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் தேதி, இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர் அணி பிறந்தது. அதே ஆண்டிலே றோயல் கல்லூரி மாணவர் படையும் அதனோடு இணைத்துத் தொடங்கப்பட்டது. கந்தோர்களிலும் கடைகளிலும் பகலெல்லாம் வேலைபார்த்தவர்கள் ஓய்வு நேரத்திலே சீருடை அணிந்து கவாத்துப் பழகினர். 1888 இற் பீரங்கித் தொண்டர் படையும் 1902 இல் மாணவர் படையணியும் உருவாயின. 1910 இல் தொண்டர் படைகள் யாவும் இலங்கைப் பாதுகாப்புப் படை என்னும் பெயரைப் பெற்றன.

அக்காலத்துச் சீருடைக்குள் எத்தகைய சோதனை ஒளிந்திருந்தது என்பதை 1915 காட்டியது. கொழும்பு நகரக் காவற்படையிலே சேவித்த எட்வேட் ஹென்றி பெட்ரிஸ் என்னும் சிங்கள இளைஞர், அவ்வாண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்டு, யூலை 7 ஆந் தேதி வெலிக்கடையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27 நிரம்பவில்லை. அந்த இராணுவச் சட்டத்தின் கொடுமையைச் சட்டசபையிலும் சீமையிலும் எடுத்துரைத்தவர் நம் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மூத்தோர் இதனை நன்கறிவர். இளையோரும் அறிந்திருக்க வேண்டும்.

இனித் தியத்தலாவைக்கு வருவோம். கோட்டைப் புகையிரத நிலையத்திலே பதுளை வண்டியில் ஏறினால், நானுஓயா, பட்டிப்பொல, அப்புத்தளை கடந்து அந்த ஊரை அடையலாம். 4,000 அடிக்கு மேற்பட்ட உயரம். மரம் குறைந்த புற்றரைக் குன்றுகள். மாலையிலே மூடும் பனி. எதிர்க் குன்றின் சரிவிலே ஒரு நரியின் உருவத்தைக் காணலாம். "பொக்ஸ்" என்னும் பிரித்தானியக் கப்பலின் மாலுமிகள் அமைத்த அடையாளம் அது. இவ்வூரின் முகாம் முதலிலே வீரரைப் பயிற்றுவதற்கு எழுந்ததன்று, சிறைவைப்பதற்கு எழுந்தது. தென்னாபிரிக்க யுத்தத்திலே பிடிபட்ட போவர்கள் ஏறக்குறைய 5,000 பேரை 1900 முதலாக அங்கே கொண்டுவந்து அடைத்தனர். 1914 இலும் 1939 இலும் செர்மானியர் அடைக்கப்பட்டனர்; பௌத்த துறவியாய் இங்கு வாழ்ந்த ஞானதிலோக தேரரும் செர்மானியராய்ப் பிறந்த குற்றத்துக்காக இருமுறையும் அவ்விடம் சென்றார். கைதிகள் துயருற்ற அதே குன்றுகளிலேதான் பின்னாளிலே நம் நாட்டு இளைஞர் "இடம் வலம்" பழகினர்.

1949 இற்குப் பின்

சுதந்திரத்தின் பின், 1949 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க இராணுவச் சட்டப்படி, அவ்வாண்டு ஒக்டோபர் 10 ஆந் தேதி இலங்கை இராணுவம் முறையாக அமைந்தது. மறு ஆண்டே தியத்தலாவையிலே புதியோர் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. அதிகாரிகளாக வரவேண்டியவர்கள் சீமைக்குச் சான்ட்ஹேர்ஸ்டுக்கு அனுப்பப்பட்டனர். 1968 முதலே அவர்களுக்கான பயிற்சியும் தியத்தலாவையில் நடைபெறத் தொடங்கியது. கொட்டாஞ்சேனைக்கு அருகே, முகத்துவாரத்து றொக் ஹவுஸ் முகாம் பீரங்கிப் படையின் இருப்பிடமாயிற்று.

புதியவனின் நாள் எக்காளத்தோடு விடியும். குளிரிலே ஓட்டம், பின் உடற்பயிற்சி, பின் கவாத்து. கட்டிலின்மேற் கம்பளி ஓர் அளவாய் மடிந்திருக்க வேண்டும். சப்பாத்திலே முகம் தெரிய வேண்டும். துவக்கின் குழலிலே ஒரு தூசும் இருக்கலாகாது. வீட்டிலே தேநீர்க் கோப்பையைக்கூடக் கழுவியறியாத பிள்ளை தன் உடுப்பைத் தானே தோய்த்து மினுக்கப் பழகுவான். ஒருவன் பிழைவிட்டால் அணி முழுவதும் மறுபடி ஓடும். முதல் வாரத்திலே இது கொடுமையாய்த் தோன்றும்; முடிவிலே, பக்கத்திலுள்ளவன் தவறாமற் பார்த்துக்கொள்வதும் தன் கடமையே என்று விளங்கும். பிரியாவிடை அணிவகுப்பிலே கால்கள் யாவும் ஒரே காலாய் மண்ணிற் படும்போது, அணியிலே சிங்களவர் யார், தமிழர் யார், பறங்கியர் யார், மலாயர் யார் என்று கண்டுகொள்ள முடியாது.

அந்த நம்பிக்கை அக்காலத்திலே வெறுங் கனவாய் இருக்கவில்லை. முதலிரண்டு இராணுவத் தளபதிகளும் பிரித்தானியர். மூன்றாமவர், 1955 பெப்ரவரியிலே பதவியேற்ற அன்ரன் முத்துக்குமாரு. அப்பதவியை வகித்த முதல் இலங்கையர் அவரே, அவர் தமிழர். சட்டம் படித்தவர், 1934 இலே தொண்டர் படையிற் சேர்ந்தவர். கடற்படையிலும் 1960 முதல் 1970 வரை இராசன் கதிர்காமர் தளபதியாய் இருந்தார்.

1958 ஆம் ஆண்டு மே மாதத்தை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். கலவரத்திலே வீடிழந்த தமிழ்க் குடும்பங்கள் றோயல் கல்லூரியிலே அகதிகளாய்த் தங்கின. பல்லாயிரவர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போயினர். மே 27 ஆந் தேதி அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. கலகத்தை அடக்கும் பொறுப்பு இராணுவத்திடம் வந்தது. அவ்வேளை அந்த இராணுவத்தின் தளபதி முத்துக்குமாரு. தன் இனத்தார் அடிபட்ட நாட்டிலே, எல்லா இனத்தாரையும் கொண்ட படையை நடத்தவேண்டிய அவரது நிலையை எண்ணிப் பார்க்கிறோம். பயிற்சியால் வரும் நிதானத்துக்கு அதனினும் பெரிய சோதனை வேறென்ன?

வழி பிரிந்தது

அதன்பின் கதை திசைமாறிற்று. 1961 பெப்ரவரி 20 ஆந் தேதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே தொடங்கிய சத்தியாக்கிரகத்தை ஏப்ரிலிலே இராணுவத்தைக் கொண்டு கலைத்தனர். தலைவர்கள் பனாகொடை முகாமிலே தடுத்துவைக்கப்பட்டனர். 1962 சனவரியிலே அதிகாரிகள் சிலரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது. சம்பந்தப்பட்டோர் பெரும்பாலும் கிறித்தவர். அவர்களிடையே சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் இருந்தனர். கோமறைக் கழகம் 1965 இலே தண்டனைகளை நீக்கியதாயினும், அம்முயற்சியின் பின் படைகளின் சேர்க்கை முறை மாறிற்று. தமிழ் இளைஞர் சேர்வது ஆண்டுதோறும் அருகிற்று.

1983 யூலை 23 ஆந் தேதி திருநெல்வேலியிலே 13 இராணுவ வீரர் கொல்லப்பட்டனர். மறுநாள் தொடங்கிக் கொழும்பு எரிந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகளையும் கடைகளையும் இம்மலரைப் படிக்கும் பலர் தம் கண்ணாற் கண்டனர். அவ்வாண்டுக்குப் பின் பல்லாயிரம் தமிழ்ப் பிள்ளைகள் வேறொரு பயிற்சிக்குப் புறப்பட்டனர். அவர்கள் கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து புறப்படவில்லை. இருளிலே படகேறிப் பாக்கு நீரிணையைக் கடந்து, இந்திய மண்ணிலிருந்த முகாம்களுக்குப் போயினர். பின்னாளிலே வன்னிக் காடுகளிலும் பயிற்சி நடந்தது. விரும்பிப் போனவர் உண்டு. பிடித்துச் செல்லப்பட்ட சிறுவரும் உண்டு. அவர்களுட் பலர் "போய்வருகிறேன்" என்று சொல்லவில்லை. திருநீறு இடவேண்டிய தாய் விடிந்த பின்னரே பிள்ளை இல்லாத பாயைக் கண்டாள். தெற்கே சிங்களக் கிராமங்களிலே, வறுமையின் பொருட்டுச் சீருடை அணிந்த பிள்ளைகளின் தாய்மாரும் பெட்டியில் வந்த உடலுக்கு முன் அழுதனர். 2009 மே மாதத்திலே யுத்தம் முடிந்தது. சாய்ந்த பிள்ளைகளிலே எப்பக்கத்தார் ஆயினும், அவர்களுக்கு முதன்முதலிற் சப்பாத்துக் கயிறு கட்டப் பழக்கிய நாள் ஒன்று இருந்தது. அதனை நினைக்கும்போது எழுதுகோல் தயங்குகிறது.

கடல் கடந்த தமிழர்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இக்கதை வேறுவிதமாய் நடந்தது. 1943 யூலையிலே சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் விடுத்த அழைப்பைக் கேட்டு, இந்திய தேசிய இராணுவத்திலே தமிழர் திரளாகச் சேர்ந்தனர், இலங்கையரும் சேர்ந்தனர். பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையும் எழுந்தது. கப்டன் இலட்சுமியின் தலைமையில் அதன் பயிற்சி முகாம் 1943 ஒக்டோபர் 22 ஆந் தேதி திறக்கப்பட்டது. தோட்டத்திலே இறப்பர்ப் பால் எடுத்த பெண்களும் பங்களாவிலே வளர்ந்த பெண்களும் அங்கே ஒரே உடுப்பில் நின்றனர். கோலாலம்பூரிலே வசதியாய் வளர்ந்த சானகி தேவர் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையிற் சேர முனைந்தார். தந்தையார் முதலில் மறுத்துப் பின்னரே இசைந்தார். முகாமின் கடுமை ஆரம்பத்தில் அவருக்குத் தாங்க முடியாததாய் இருந்தது. ஆயினும் தரித்து நின்று அதிகாரியானார். 1945 இலே இரங்கூனிலிருந்து பின்வாங்கிய நெடுநடையிலும் அவர் பங்குகொண்டார். சானகி ஆதி நாகப்பன் என்று மலேசியா அவரை அறிந்து போற்றிற்று.

இன்று சிங்கப்பூரிலே நம் உறவினரின் பிள்ளைகள் பலர் தேசிய சேவைக்குப் போகின்றனர். 1967 முதல் அந்நாட்டிலே 18 வயதெய்திய ஆண்மக்களுக்கு அது கட்டாயம். முழுநேரச் சேவை 2 ஆண்டு. தெக்கோங் தீவிலே அடிப்படைப் பயிற்சி நடக்கிறது. முதல் நாளிலே பெற்றோரும் தீவுக்குச் சென்று, பிள்ளை உறங்கும் இடத்தையும் உண்ணும் இடத்தையும் பார்த்துத் திரும்பலாம். சைவ உணவு வேண்டுவோர்க்கு அதுவும் கிடைக்கும். இன்னொன்று கவனிக்கத்தக்கது. அந்நாட்டிலே சீனர் பெரும்பான்மையினர். ஆயினும் கவாத்து ஆணைகள் மலாய் மொழியிலேயே ஒலிக்கின்றன. பெரும்பான்மையோர் சிறுபான்மையோர் மொழியிலே கால்வைத்து நடப்பதனால் அந்தப் படை பலம் குன்றிப் போகவில்லை. இது நம் நாட்டார் சிந்திக்கவேண்டிய செய்தி.

புறப்படுவோர்க்குச் சில சொற்கள்

எந்த நாட்டிலாயினும், மாணவர் படை முகாமுக்காயினும், பயிற்சிக்குப் புறப்படும் இளைஞருக்குச் சொல்லத்தக்கவற்றைக் கீழே தருகிறோம். பயிற்சிக்குப் போய்வந்த மூத்தோர் வாயிலாக நாம் கேட்டவையே இவற்றுட் பல.

முதலாவது, கால். படைவீரனின் முதல் ஆயுதம் துவக்கு அன்று, பாதம். போகுமுன்னரே ஒரு மாதமாவது விடியற்காலையில் நடந்தும் ஓடியும் பழகுக. வெள்ளவத்தைக் கடற்கரை அதற்குப் போதும். சப்பாத்துக் கடித்த புண்ணை மறைக்காதே. ஈரக் காலுறையோடு உறங்காதே.

இரண்டாவது, உறக்கம். நள்ளிரவில் உறங்கி எட்டு மணிக்கு எழும் வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடு.

மூன்றாவது, செவி. பயிற்றுவோன் உரக்கக் கத்துவது உன்மேற் பகையினால் அன்று. ஆணையை முழுதும் கேள். விளங்காவிடின் கேட்கவேண்டிய நேரத்திலே பணிவோடு கேள். மற்றவர் முன் கெட்டிக்காரனாய்க் காட்டிக்கொள்ள முந்தாதே.

நான்காவது, தோழன். உன் வேலையை முடித்தபின் பக்கத்துக் கட்டிலைப் பார். தன் கம்பளியை மட்டும் மடித்துக்கொண்டு நிற்பவனை அணி மதிப்பதில்லை. அவன் மொழியிலே பத்துச் சொல்லாவது கற்றுக்கொள். உன் மொழியிலே பத்துச் சொல் அவனுக்குக் கற்பி.

ஐந்தாவது, உடல்நலம். வெயிலிலே தலைசுற்றினாலும் காய்ச்சல் கண்டாலும் உடனே சொல்லு. தாகம் வருமுன்னரே தண்ணீர் குடி. வலியை ஒளிப்பது வீரமென்று நினைத்து உயிரிழந்தோர் பல நாடுகளிலும் உண்டு.

ஆறாவது, சமயம். நெற்றியிலே திருநீறு இட முடியாத வேளை வரலாம். உறங்கப்போகுமுன் உள்ளத்திலே இடுவதை எவரும் தடுக்க முடியாது. பிறன் வழிபாட்டை எள்ளாதே. உன் வழிபாட்டுக்கு நாணாதே.

ஏழாவது, வீடு. கிழமைக்கு ஒருமுறையாவது வீட்டோடு பேசு அல்லது எழுது. துயரத்தை மறைக்கவும் வேண்டாம். முதல் வாரத்துத் துயரத்தை ஆயுட்காலத் துயரமாய் எழுதவும் வேண்டாம்.

எட்டாவது, எல்லாவற்றிலும் பெரிது. கையிலே ஆயுதம் வந்தபின், எதைச் செய்யலாகாது என்பதை அறிந்திரு. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு விடுமுன்னரே பசுக்களையும் பெண்களையும் பிணியாளரையும் விலகிப்போகச் சொல்லும் அறநெறியைப் போற்றினார். 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் உலகுக்குச் சொன்னதும் அந்த அறமே: சரணடைந்தோரையும் காயமுற்றோரையும் ஆயுதமற்றோரையும் கொல்லலாகாது. "மேலதிகாரி சொன்னான், செய்தேன்" என்ற மறுமொழி குற்றத்தைக் கழுவாது என்று 1946 இலே நியூரம்பேர்க் நீதிமன்றம் தீர்த்தது. கீழ்ப்படிதல் வீரனுக்கு அணிகலன். மனச்சாட்சியோ அவனுக்கு உயிர்.

பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. விருப்பமில்லாத பிள்ளையைக் கௌரவத்துக்காக அனுப்பாதீர்கள். விரும்பும் பிள்ளையை அழுகையினால் மறிக்காதீர்கள்; நன்மை தீமைகளை எடுத்துச் சொல்லி, அவன் முடிவை அவனே எடுக்க விடுங்கள். திரும்பி வரும்போது அவன் பேச்சுக் குறைந்திருந்தால் உடனே கேள்விகளாற் குடையாதீர்கள். சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்திலே இருங்கள். சொல்லவேண்டியதை அவன் தானே சொல்லுவான்.

ஒழுங்கு, பொறுமை, தோழமை, தன்னடக்கம் என்னும் இவை துவக்கோடு கூடிப் பிறந்தவை அல்ல. சாரணர் இயக்கத்திலும், விளையாட்டு மைதானத்திலும், ஆலயத் தொண்டிலும் இவற்றைப் பயிலலாம். ஆயினும் ஒரு நாட்டின் படையிலே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மனமொத்து நிற்கும் நாள், அந்நாடு எல்லா வீட்டாருக்கும் உரியதாகிவிட்டது என்பதற்கு அடையாளம். அத்தகைய நாளிலே, கோட்டை நிலையத்துப் பதுளை வண்டியிலே, திருநீறணிந்த தாயும் பிரித்நூல் கட்டிய தாயும் அருகருகே நின்று தம் பிள்ளைகளுக்குக் கைகாட்ட வேண்டும். இருவர் பிள்ளைகளும் போனபடியே திரும்பி வரவேண்டும். அதற்கு வேண்டிய நீதியையும் நல்லெண்ணத்தையும் இந்நாடு தேடிக்கொள்வதாக.

புறப்படும் பிள்ளைகளே, போய் வாருங்கள்.